ஒரு சொட்டு ஆயில் குடிக்காத கார்

"இந்த வண்டி ஒரு சொட்டு ஆயில் கூடக் குடிக்காது" என்று விற்பவர் சொன்னதும்தான் அந்தக் கார் வேண்டாம் என்று எனக்கு முடிவாயிற்று.

வேறு எந்த செகண்ட் ஹேண்ட் காரைப் பார்க்கப் போயிருந்தாலும் அந்த வார்த்தை காதில் தேனாக விழுந்திருக்கும். ஆயில் குடிக்காத என்ஜின் என்றால் ரிங் நன்றாக இருக்கிறது, வால்வு சீல் நன்றாக இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றுதான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். ஆனால் அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது மாஸ்டா ஆர்எக்ஸ்-8 என்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். அந்த என்ஜின் ஆயில் குடித்தே ஆக வேண்டும். குடிக்கவில்லை என்றால் இரண்டில் ஒன்றுதான் காரணம்: இத்தனை நாளாக யாரும் பானட்டைத் திறந்து அளவு பார்க்கவே இல்லை, அல்லது ஆயிலை உள்ளே செலுத்த வேண்டிய பம்ப் தன் வேலையைச் செய்யவில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, உருவிப் பார்த்தேன். நுனியில் தார் மாதிரி கறுப்பாக ஒரு துளி, அதுவும் கீழ்க் கோட்டுக்குக் கீழே. தரை சாய்வாக இருக்கிறது, அதனால் அப்படித் தெரிகிறது என்றார். தரை சாய்வாகத்தான் இருந்தது, ஆனால் அவ்வளவு சாய்வு இல்லை.

இது 2019 மார்ச்சில், பர்மிங்ஹாம் பக்கத்தில் ஒரு பழைய கார் விற்பனை இடத்தில் நடந்தது. நான் இருப்பது இங்கிலாந்தில், ஸ்விண்டனில், வேலைக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்று மாதமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து இந்தக் காரைப் பற்றி ஒன்று விடாமல் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன், அதனால் தப்பித்தேன். வெள்ளி நிறம், பின்பக்கமாகத் திறக்கும் அந்தக் குட்டிக் கதவுகள், உள்ளே தோல் சீட், பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் ரயில் ஏறி வந்துவிட்டேன்.

ஏன் இந்த என்ஜின் மட்டும் இப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் பிடிபடாது. சாதாரண என்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். அதன் அடியில் ஆயில் நிறைந்த அறை இருக்கிறது. அங்கிருந்து தெறிக்கும் ஆயில் சிலிண்டர் சுவரை நனைக்கும், மிச்சத்தை ரிங் வழித்துக் கீழேயே தள்ளிவிடும். ஆயில் ஒரு பக்கம், நெருப்பு ஒரு பக்கம். ஆர்எக்ஸ்-8-இல் இருப்பது ரோட்டரி, அதாவது வாங்கெல் என்ஜின். பிஸ்டனே கிடையாது. நிலக்கடலைத் தோட்டை நீளவாக்கில் பிளந்தது போல் இடுப்பு ஒடுங்கிய ஒரு கூடு, அதற்குள் மூன்று மூலை கொண்ட ஒரு ரோட்டார். ஆட்டுக்கல்லில் குழவி எப்படித் தானும் சுற்றிக்கொண்டு குழியையும் சுற்றி வருகிறதோ கிட்டத்தட்ட அப்படித்தான் அது ஓடுகிறது. மூன்று மூலையிலும் 2 மில்லிமீட்டர் தடிமனில் ஒவ்வொரு உலோகப் பட்டை, பின்னால் ஸ்ப்ரிங் வைத்து, கூட்டின் சுவரை எப்போதும் தேய்த்துக்கொண்டே போகும். அதைத்தான் ஏபெக்ஸ் சீல் என்கிறார்கள். இந்தக் கூட்டுக்கு 'அடிப்பக்கம்' என்று ஒன்று இல்லை பாருங்கள். ரோட்டாரின் மூன்று முகத்திலும் மாறி மாறி நெருப்பு எரிகிறது. சீல் உரசுகிற அதே சுவரில்தான் காற்றும் பெட்ரோலும் புகையும் எல்லாம் போகின்றன. அப்படியானால் அந்த சீலுக்கு எண்ணெய் எங்கிருந்து வரும்?

தோசை வார்க்கிறவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஒவ்வொரு தோசைக்கும் முன்னால் கல்லை ஒரு தேய் தேய்ப்போம் இல்லையா, அதேதான். ஆர்எக்ஸ்-8-இல் அந்த வெங்காயத்துக்கு மீட்டரிங் பம்ப் என்று பெயர். சம்ப் என்கிற ஆயில் தொட்டியில் இருக்கும் என்ஜின் ஆயிலையே எடுத்து, எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), எவ்வளவு பாரம் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்கிற அளவில், மெல்லிய குழாய் வழியாக ரோட்டார் கூட்டுக்குள் துளித்துளியாக விடுகிறது. அந்த ஆயில் சீலை நனைத்துவிட்டு நெருப்போடு சேர்ந்து எரிந்து போய்விடும். திரும்பி வராது. தோசைக் கல்லில் தடவிய எண்ணெயை யாராவது திரும்ப வழித்துக் கிண்ணத்தில் ஊற்றுகிறோமா? செலவானது செலவானதுதான். ஆகவே இந்தக் காரில் ஆயில் என்பது பெட்ரோல் மாதிரி, தீர்ந்துகொண்டே இருக்கும் ஒரு சரக்கு. பெட்ரோலுக்கு முள் இருக்கிறது. இதற்கு ஒரு கம்பி மட்டும்தான்.

இந்த சீலுக்காக மாஸ்டா பட்ட பாடு சாதாரணமானதில்லை. நிறுவனத்துக்கு அப்போது டோயோ கோக்யோ என்று பெயர். ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடம் இந்த என்ஜினுக்கு உரிமம் வாங்கி வந்தபோது, ஓட்டிப் பார்த்த சோதனை என்ஜின்களின் உள்சுவரில் அலை அலையாகக் கீறல் விழுந்துகொண்டே இருந்ததாம். சீல் துடித்துத் துடித்து ஓடியதால் விழுந்த தழும்பு. 'பிசாசின் நகக் கீறல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1963-இல் கெனிச்சி யமமோட்டோ என்ற பொறியாளர் தலைமையில் 47 பேரை இதற்கென்றே உட்கார வைத்தார்கள். கடைசியில் கார்பனையும் அலுமினியத்தையும் சேர்த்துச் செய்த சீல்தான் கைகொடுத்தது, 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற ரோட்டரி கார் ரோட்டுக்கு வந்தது. அதற்கு 24 வருடம் கழித்து, 1991-இல், நான்கு ரோட்டார் வைத்த மாஸ்டாவின் 787பி பந்தயக் கார் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தது. ஜப்பான் கார் ஒன்று அங்கே ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அந்த 55-ஆம் எண் கார் கத்திக்கொண்டு போகும் வீடியோவைக் கல்லூரி விடுதியில் ஒரு நண்பனின் கம்ப்யூட்டரில் பார்த்த நாளிலிருந்து எனக்கு ரோட்டரி மீது பைத்தியம். சரி, அது வேறு கதை.

இரண்டாவதாகப் பார்த்த கார் சிரென்சஸ்டர் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது. 2005 மாடல், 231 குதிரைத்திறன் கொண்ட ஆறு கியர் வண்டி, 9000 ஆர்பிஎம் வரை போகும். ஓடியிருந்தது 68,000 மைல். விற்றவர் ஓய்வு பெற்ற பெரியவர். முட்டி வலி, தாழ்வான காரில் ஏறி இறங்க முடியவில்லை, அதனால்தான் தருகிறேன் என்றார். நான் ஆயில் பற்றிக் கேட்பதற்கு முன்பே அவர் டிக்கியைத் திறந்தார். பழைய துண்டில் சுற்றிப் படுக்க வைத்திருந்த ஒரு லிட்டர் ஆயில் பாட்டில், சின்னப் புனல், டிஷ்யூ சுருள் ஒன்று. அப்புறம் காரின் டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம். உள்ளங்கை அளவுதான் இருக்கும், அட்டையில் ஆயில் விரல் பதிந்த தடங்கள். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் மூன்று பத்தி: தேதி, மைல், எத்தனை மில்லி ஊற்றினார். நான்கு வருடக் கணக்கு. ஒரு இடத்தில் மட்டும் இரண்டு மாதம் காலி, கேட்டேன், அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தேன், கார் நகரவே இல்லை என்றார். அதற்கடுத்த வரியில் மைல் மாறாமல் அப்படியே இருந்தது.

பழைய ஆர்எக்ஸ்-8 வாங்குகிறவன் உண்மையில் எதை வாங்குகிறான் என்று எனக்குப் புரிந்தது அந்த நோட்டைப் புரட்டியபோதுதான். பெயின்ட்டோ டயரோ சீட்டோ எல்லாம் அப்புறம். முன்னால் வைத்திருந்தவருக்கு அந்தக் கம்பியை உருவிப் பார்க்கும் பழக்கம் இருந்ததா இல்லையா, அதைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். சீல் ஒரு தடவை எண்ணெய் இல்லாமல் தேய்ந்து போனால் தேய்ந்ததுதான், புது ஆயிலை எவ்வளவு ஊற்றினாலும் அது வளராது. விலை பேசவே எனக்கு மனம் வரவில்லை. 1,800 பவுண்டு கொடுத்தேன். இன்னொரு விஷயம், இங்கிலாந்தில் தேடுகிறவர்களுக்கு: 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான வண்டியா என்று பாருங்கள். அதற்கு முந்தியவற்றுக்கு வருட வரி கணிசமாகக் குறைவு.

இத்தனை தெரிந்திருந்தும் முதல் மாதமே நான் ஒரு தப்புச் செய்தேன். வேல்ஸ் போய்விட்டுத் திரும்பும் வழி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, நல்ல மழை. எம்4 சாலையிலிருந்து இறங்கும் நீண்ட வளைவில் ஆயில் அளவு விளக்கு பளிச்சென்று எரிந்து அணைந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அடுத்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, மழையில் நனைந்தபடி, அளவே பார்க்காமல் டிக்கியிலிருந்த பாட்டில் முழுவதையும் ஊற்றினேன். என் காருக்கு நல்லதுதானே செய்கிறோம் என்ற நினைப்பு. மறுநாள் சமதளத்தில் வைத்துப் பார்த்தால் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. அந்த விளக்கு சம்ப்பில் இருக்கும் ஒரு மிதவையால் எரிவது. நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கினால் அளவு ஓரளவுக்கு இருக்கும்போதே அது இறங்கிவிடும். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. 'போய்ப் பார்' என்று மட்டும்தான் அது சொல்லும்.

அதிகமானால் என்ன என்று கேட்கலாம். ஆயில் ஊற்றும் கழுத்திலிருந்து ஒரு மூச்சுக் குழாய் காற்று உள்ளே போகும் பாதைக்குப் போகிறது. அளவு அதிகமாகி, வண்டியை வளைவுகளில் வேகமாக எடுத்தால் ஆயில் அந்த வழியாக ஏறிக் காற்றுக் குழாயை எல்லாம் நனைத்துவிடும், புகையும் வரும். மருந்துக் கடையில் பெரிய சிரிஞ்சும், மீன் தொட்டிக் கடையில் மெல்லிய ரப்பர் குழாயும் வாங்கி, டிப்ஸ்டிக் போகும் துளை வழியாக விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி வெளியே எடுத்தேன். அரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து பார்க்காமல் ஊற்றியதே இல்லை.

இப்போது எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். இதில் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், ஏனென்றால் ஆர்எக்ஸ்-8-இல் டிப்ஸ்டிக்கைப் படிப்பது அவ்வளவு சுலபமில்லை, மெல்லிய கம்பி, அது போகும் குழாய் நீளமானது, உருவும்போது குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் ஆயில் எல்லாம் கம்பியில் இழுபட்டு வந்துவிடும், முதல் தடவை பார்த்தால் அளவு எங்கே நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு டேங்குக்கு ஒரு தடவை பார்க்கிறேன். இந்தக் காரை வைத்திருப்பவர்கள் பலரும் கடைப்பிடிக்கும் கணக்கு அது. என் வீட்டு வாசலில் பார்ப்பதில்லை, வாசல் தெருவை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, அதே காரை அங்கே வைத்தால் ஓர் அளவு, சமதளத்தில் வைத்தால் வேறோர் அளவு. இரண்டையும் எழுதி வைத்துப் பார்த்தேன், இரண்டு கோட்டுக்கு இடையில் கால்வாசி தூரம் வித்தியாசம் வந்தது. ஆகவே எப்போதும் ஒரே பங்க், டயருக்குக் காற்றுப் பிடிக்கும் இடத்தின் ஓரத்தில் சமமாக இருக்கும் அதே கட்டம். குறைந்தது இருபது நிமிடமாவது ஓட்டி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் அங்கே போவேன். பெட்ரோல் போட்டு, காரை ஓரம் கட்டி அணைத்துவிட்டு, உள்ளே போய்க் காசு கட்டி, ஒரு டீ வாங்கி வருவதற்குள் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மேலே சுற்றிக்கொண்டிருந்த ஆயில் வடிந்து சம்ப்புக்கு இறங்க அந்த அவகாசம் வேண்டும்.

முதல் தடவை உருவுவது துடைக்க மட்டும். நன்றாகத் துடைத்து, அடி வரை அழுத்தி விட்டு, மனதுக்குள் பத்து எண்ணி, நேராக, குழாயில் உரசாமல் மெதுவாக உருவுவேன். கம்பியின் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மேலே வரை இழுபட்டிருக்கும், மறுபக்கம் கீழே நிற்கும். எது கீழே நிற்கிறதோ அதுதான் உண்மை. புதிதாக ஆயில் மாற்றியிருந்தால் இன்னும் கஷ்டம், தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும் ஆயில் கம்பியில் கண்ணுக்கே தெரியாது. அதற்குப் பெரியவரின் டிஷ்யூதான் வழி. கம்பியை மடித்த வெள்ளை டிஷ்யூவின் மேல் படுக்க வைத்து இலேசாக ஒற்றினால் ஈரம் எங்கே தொடங்குகிறதோ அங்கே ஒரு கோடு விழும், கம்பியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். சந்தேகமாக இருந்தால் மூன்று தடவை பார்ப்பேன். மூன்றில் இரண்டு தடவையாவது ஒத்துப் போக வேண்டும்.

ஊற்றும்போது 250 மில்லிக்கு மேல் ஒரே மூச்சில் ஊற்றுவதில்லை. பாட்டிலின் பக்கவாட்டில் கோடு போட்டிருக்கும், இல்லாவிட்டால் மார்க்கரால் நானே போட்டுக்கொள்வேன். ஊற்றிவிட்டு இரண்டு மூன்று நிமிடம் சும்மா நிற்க வேண்டும், அது பொறுமையாக இறங்கட்டும். பிறகு திரும்பத் துடைத்து, திரும்ப விட்டு, திரும்ப உருவி. இரண்டு கோட்டுக்கு இடையில் முக்கால் வந்ததும் நிறுத்திவிடுவேன். மேல் கோட்டைத் தொட வேண்டும் என்ற ஆசை எனக்கு வேல்ஸ் பயணத்தோடு போய்விட்டது.

என்ன ஆயில் என்பதில் இந்தக் கார்க்காரர்களுக்குள் தீராத சண்டை உண்டு. சிந்தெடிக் ஊற்றினால் எரிந்த சாம்பல் சீலில் ஒட்டும் என்பார் ஒருவர், அதெல்லாம் பழைய காலத்துப் பயம் என்பார் இன்னொருவர். நான் இங்கே மாஸ்டா சொல்லியிருக்கும் 5டபிள்யூ-30 என்ற வகை ஆயிலோடு நிறுத்திக்கொள்கிறேன். பத்துப் பேர் பத்து ஆயில் சொல்லட்டும், எந்த ஆயிலாக இருந்தாலும் சம்ப்பில் இல்லாவிட்டால் பயனில்லை.

குளிர்காலத்தில் ஆயில் ஊற்றும் கழுத்தின் மூடியைத் திறந்தால் அடியில் மோர்க்குழம்பு ஆறிப் படிந்தது போல் வெளுப்பாக ஏதோ ஒட்டியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு உயிரே போய்விட்டது, வேறு காரில் அப்படி இருந்தால் ஆயிலோடு கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) கலந்துவிட்டது, என்ஜின் போயிற்று என்று அர்த்தம். ஆர்எக்ஸ்-8-இல் அந்தக் கழுத்து நீளமானது, என்ஜின் சூடு அதுவரை ஏறாமல் குளிர்ந்தே கிடக்கும், உள்ளே இருக்கும் ஈரம் அங்கே போய்ப் படிந்து ஆயிலோடு கலந்து அப்படி ஆகிறது. கூலன்ட் அளவு குறையாமல் இருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக வருகிறதா என்று இரண்டையும் பார்த்துவிட்டுத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டியதுதான். குட்டிக் குட்டிப் பயணமாக ஓட்டுகிறவர்களுக்கு அதிகம் வரும்.

2023 கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்து இரண்டு மாதம் இருந்தார்கள். அப்பா பல்லடத்தில் மெட்டடோர் வேன் ஓட்டியவர். பல்லடம், சோமனூர், மங்கலம் என்று விசைத்தறிக்குப் பாவு ஏற்றிக்கொண்டு முப்பது வருடம் ஓடினார். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் 'ஆயில் தண்ணி' பார்க்காமல் சாவியைத் தொட மாட்டார். நான் எட்டாவது படிக்கும்போதே பானட்டைத் தூக்கிப் பிடிப்பது என் வேலை. வந்த மூன்றாம் நாளே, நான் டிக்கியிலிருந்து ஆயில் பாட்டிலை எடுப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஏங்கண்ணு, போன வாரம்தான ஊத்துனேன்னு போன்ல சொன்ன? ரிங்கு போயிருச்சா?"

"இதுல ரிங்கே இல்லீங்கப்பா."

"ரிங்கு இல்லாம என்ன என்ஜின்?"

வீட்டுக்குள் போய் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். கடலைத் தோடு, மூன்று மூலை, மூலையில் பட்டை. காகிதத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். ரோட்டாரை அட்டையில் வெட்டித் தரச் சொன்னார், வெட்டிக் கொடுத்தேன், மேசை மேல் வைத்து விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்புறம், "அப்படின்னா இது நம்ம சேட்டக்காட்டந்தான். ஆயிலு எரிஞ்சாத்தான் உள்ள வழுக்கும்" என்றார்.

நான் அப்படி யோசித்ததே இல்லை. அப்பாவிடம் வேனுக்கு முன்னால் ஒரு பஜாஜ் சேட்டக் இருந்தது, டூ-ஸ்ட்ரோக். பங்க்கில் பெட்ரோலோடு டூ-டி ஆயில் கலந்துதான் போட வேண்டும். பம்ப்புக்குப் பக்கத்தில் அந்த ஆயிலுக்கென்று கைப்பிடி வைத்த கண்ணாடி ஜாடி நிற்கும், லிட்டருக்கு 20 மில்லி என்று இழுத்து விடுவார்கள், மறந்து வெறும் பெட்ரோலில் நாலு நாள் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். உள்ளேயே எரிந்துபோகிற ஆயில்தான் அங்கேயும் காவல். ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் மீட்டரிங் பம்ப்பை மட்டும் நம்பாமல் பெட்ரோல் டேங்கிலும் நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் கொஞ்சம் ஊற்றுவார்கள், நானும் முழு டேங்குக்கு 250 மில்லி போல ஊற்றுகிறேன். பச்சை நிறத்தில் அந்த ஆயில் இறங்குவதைப் பார்த்ததும் அப்பா பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அப்பாவின் வழி இந்தக் காருக்குச் சரிவராது, அதை அவரிடம் சொல்வதற்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. மறுநாள் காலையில், ஆயில் பார்ப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று, காரை வாசலிலிருந்து சமதளத்துக்கு நகர்த்தி வைக்கலாமா என்று சாவியைக் கேட்டார். இந்த என்ஜினைக் குளிர்ந்திருக்கும்போது உயிர்ப்பித்துப் பத்தடி நகர்த்தி அணைத்தால், உள்ளே போன பெட்ரோல் எரியாமல் தங்கி ஸ்பார்க் பிளக்கை நனைத்துவிடும், அடுத்த தடவை கிளம்பாது. ஒரு தடவை எடுத்தால் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டித்தான் நிறுத்த வேண்டும். சொன்னேன். "அப்ப பங்க்குக்கே போலாம் வா" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

வழியில் டேஷ்போர்டைக் காட்டி, "ஆயில் பிரஷர் முள்ளுதான் இருக்குதே, அதப் பாத்தாப் போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த முள்ளுக்குப் பின்னால் இருப்பது அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் ஒரு சுவிட்சுதான். இருந்தால் நடுவில் போய் நிற்கும், அவ்வளவே. அளவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் திரும்பத் திரும்பக் கம்பியிடம் போகிறேன் என்றேன். அப்பா தலையை ஆட்டினார். அவருடைய மெட்டடோரில் எந்த முள்ளும் வேலை செய்ததே இல்லை.

நோட்டைப் பற்றி அவரிடம் அன்றுதான் சொன்னேன். பெரியவர் விட்ட இடத்திலிருந்து நான் நீல மையில் தொடர்ந்து எழுதிக்கொண்டு வருகிறேன். என் கணக்கில் சராசரியாக 1000 மைலுக்கு 700 மில்லி, நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டினால் குறைவாகவும், மலைப்பாதையில் 8000, 9000 என்று ஏற்றி ஓட்டினால் அதிகமாகவும். 2022 இலையுதிர் காலத்தில் மூன்று வரி தொடர்ந்து 300-க்குக் கீழே வந்தது. ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, நன்றாகக் கிளம்பியது, நன்றாக இழுத்தது. வேறு காராக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். எனக்கு பர்மிங்ஹாம்காரர் சொன்ன அந்த 'ஒரு சொட்டு'தான் நினைவுக்கு வந்தது. அந்த வாரமே ரோட்டரி மட்டும் பார்க்கும் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனேன். பின் ரோட்டாருக்குப் போகும் ஆயில் முனைகளில் ஒன்று கரி பிடித்து அடைத்திருந்தது. மாற்றினார்கள். கையோடு கம்ப்ரஷனும், அதாவது உள்ளே காற்று எவ்வளவு அழுந்துகிறது என்றும், பார்க்கச் சொன்னேன். ரோட்டரிக்கென்று தனிக் கருவி வேண்டும், இந்தக் காரில் இரண்டு ரோட்டார், ஒவ்வொன்றுக்கும் மூன்று முகம் என்பதால் மொத்தம் ஆறு எண் வரும், சாதாரண கேஜ் வைத்தால் மூன்றில் பெரியதை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும். 250 ஆர்பிஎம்-இல் சதுர சென்டிமீட்டருக்கு 6.9 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. என் காரில் ஆறும் 7.4-க்கும் 7.7-க்கும் நடுவில் நின்றன. மெக்கானிக் அந்த எண்களை எழுதிய சீட்டையும் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பங்க்கில் அப்பாதான் கம்பியை உருவினார். டிஷ்யூவைக் கொடுத்தேன், அது கையோடு கிழிந்து வந்தது, "பனியன் வேஸ்ட் இல்லையா?" என்று கேட்டார். திருப்பூர்ப் பக்கத்து ஆள், பட்டறை என்றால் பனியன் துணிதான் அவருக்கு. இல்லை என்றேன். கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். விட்டார், காத்திருந்தார், உருவினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கம்பியைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் கீழே நின்ற பக்கத்தில் நகத்தை வைத்துக் காட்டினார்.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு, அடுத்த தடவை ஆயில் பார்க்க நோட்டைத் திறந்தபோதுதான் கவனித்தேன். பெரியவரின் பென்சிலுக்கும் என் நீல மைக்கும் கீழே, அப்பாவின் கையெழுத்தில் தமிழில் ஒரு வரி இருந்தது, எப்போது எழுதினார் என்று தெரியவில்லை. தேதி, பிறகு 89,412, பிறகு: 'முக்கால் இருக்கு. ஊத்தலை.'